கயிற்றை எடுப்பதற்கு முன்: யாரிடம், எப்படிக் கற்றுக்கொள்வது?

மலேசியாவில் எங்கள் சின்ன ஊரான சுங்கை சிப்புட்டில் காலையில் ஒருவரிடம் ஒரு ரகசியம் சொன்னால், அது மத்தியானத்துக்குள் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். அதனால்தான் அந்தப் பெண் என்னிடம் வாய் திறக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள். என்னோடு வேலை செய்கிறவள். வயது 29, கல்யாணமாகி இரண்டு வருடம். ஆபீஸ் வேலையாக ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, காரின் முன்கண்ணாடியையே பார்த்தபடி கேட்டாள்: "அக்கா, இந்த பி.டி.எஸ்.எம். எல்லாம் எங்கேக்கா கத்துக்கிறது? வீடியோ பார்த்தா போதுமா? கே.எல்.ல ஒருத்தர் சொல்லித் தராராம். காசு கேக்கிறார்." கே.எல். என்றால் கோலாலம்பூர்.

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் யாரோ இதைப் பற்றிக் கிண்டலடித்து எல்லாரும் சிரித்தபோது நான் சிரிக்கவில்லையாம். கவனித்து வைத்திருக்கிறாள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அவளைப் போல ஒரு தோட்டப்புறத்துச் சின்ன ஊரில் இருந்துகொண்டு, கேட்க ஆளில்லாமல் இருக்கும் ஜோடிகளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. கைகளைக் கட்டுவது, கண்ணை மறைப்பது, அடிப்பது, ஒருவர் கட்டளையிட மற்றவர் கேட்டு நடப்பது என்று 18 வயது தாண்டிய இரண்டு பேர், முழு மனதோடு பேசி ஒத்துக்கொண்டு விளையாடுவது. சம்மதம் இல்லாமல் இதே காரியங்கள் நடந்தால் அதற்குப் பெயர் வேறு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த வேறு பெயர் நன்றாகவே தெரியும். சனிக்கிழமை ராத்திரி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறோம். இதை ஒரு நோயாக நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பிலிருந்து, சம்மதத்தோடு நடக்கும் இந்த விருப்பம் நோய் என்ற கணக்கில் இல்லை.

சரி, நாங்கள் பட்ட கதை. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் ஆரம்பித்தது ஓர் இலவச வீடியோவில். மாமியார் ஒரு கல்யாணத்துக்குக் கிள்ளான் போயிருந்தார். துணி காயப்போட வாங்கியதில் மிச்சமிருந்த நைலான் கயிறு. வீடியோவில் அந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் கட்டி முடித்தார். என் வீட்டுக்காரர் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். கையை அசைக்க அசைக்கக் கயிறு இறுகியது. அவர் போட்டிருந்தது சுருக்கு முடிச்சு. எங்கள் அப்பா மாட்டுக்குப் போடும்போதே மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். எங்களுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் சமையல்கட்டுக் கத்தியை எடுத்துவந்து, மங்கலான வெளிச்சத்தில், என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அறுத்தார். இப்போது எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

பெருவிரலின் பின்பக்கம் மூன்று வாரம் மரத்துக் கிடந்தது. கிளினிக்குக்குப் போய், மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். டாக்டர் சிராய்ப்பே இல்லாத கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வைட்டமின் எழுதிக்கொடுத்தார். அந்தப் பொய்யைச் சொல்லாமல், கயிறு எத்தனை நேரம் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி பரிசோதித்திருப்பார். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் தோலுக்கு மிக அருகில் ஓடும் ஒரு நரம்பு உண்டு. இறுக்கமான கைவிலங்கு போட்டவர்களுக்கும் அதே இடம்தான் மரத்துப்போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் எங்கே கற்றுக்கொள்வது என்று ஒவ்வொரு வழியாகத் தேடினோம். அந்தத் தேடலில் எனக்கு அளவுகோலாக இருந்தது அம்மா பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் பழகிய கதை. கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த புதிதில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், அம்மாவுக்குக் கொடுத்தது சீக்கிரமே வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்கள். பக்கத்தில் பாட்டி நின்று பார்த்தார். கத்தி பட்டைக்குள் போதிய ஆழம் போனால்தான் பால் வரும். கொஞ்சம் கூடிப்போனால், ஒரு மில்லிமீட்டர் கூடினாலே போதும், உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிற்பாடு அங்கே ஒழுங்காகக் கத்தி ஓடாது. அதனால் பழகுகிறவருக்கு இரண்டு வேண்டும்: தப்பும்போது உடனே கையைத் தட்டிவிடப் பக்கத்தில் ஓர் ஆள், தப்பினாலும் பெரிய நஷ்டமில்லாத ஒரு மரம்.

எந்த வழியைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் கேட்டேன். ஊர் சின்னது என்பதால் மூன்றாவதாக இன்னொன்று: யாருக்குத் தெரிந்துபோகும்? செலவு நான்காவதாகத்தான் வந்தது.

இலவச வீடியோவில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அதில் இரண்டு வகை. ஆபாசப் படம் என்று எடுக்கப்பட்டது எதையும் கற்றுத்தராது. நடிக்கிறவர்கள் முன்கூட்டிப் பேசியது, நடுவில் நிறுத்திக் கையைச் சோதித்தது, முடிந்ததும் தண்ணீர் கொடுத்துப் போர்வை போர்த்தியது எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். சண்டைப் படம் பார்த்துச் சிலம்பம் கற்றுக்கொள்கிற கதை. கற்றுக்கொடுப்பதற்காகவே எடுத்த வீடியோக்கள் வேறு. கயிறு எந்தப் பக்கம் சுற்றுகிறது, எங்கே மடிகிறது என்று எழுத்தில் படித்துப் புரியாதது அதில் புரியும். ஆனால் நீங்கள் வீடியோவைப் பார்ப்பீர்கள், வீடியோ உங்களைப் பார்க்காது. எங்கள் பெருவிரல் கதை அதில்தான் நடந்தது.

படிப்பது மலிவு, சத்தமில்லாதது. போனைத் திருப்பி வைத்துவிட்டால் மாமியாருக்குத் தெரியாது. வீடியோ "எப்படி" என்று காட்டும். நல்ல எழுத்து "ஏன் கூடாது" என்று சொல்லும். ஆரம்பத்தில் இரண்டாவதுதான் அதிகம் தேவை. நான் தேடியவரை தமிழில் கிடைத்தது கொஞ்சம், பெரும்பாலும் ஆங்கிலம். அப்படிப் படித்ததில்தான் இரண்டு கோட்பாடுகள் தெரியவந்தன. 1983-இல் நியூயார்க்கில் ஆண் தன்பால் ஈர்ப்பாளர்களின் ஒரு சங்கத்தில் பிறந்தது முதலாவது: பாதுகாப்பு, நிதானம், சம்மதம். 1999-இல் வந்தது இரண்டாவது: ஆபத்து இன்னது என்று தெரிந்து சம்மதிப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. முழுப் பாதுகாப்பான கயிறு என்று ஒன்று கிடையாது. என்ன நடக்கலாம் என்று தெரியாதவர் சொல்லும் "சரி"யில் பாதி கண்மூடித்தனம்.

எந்த எழுத்தை நம்புவது? நான் வைத்திருக்கும் சோதனை எளிது. கட்டுவதைப் பற்றி எழுதியவர் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா, கட்டிவைத்தவரைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று சொல்கிறாரா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால் மூடிவிடுவேன். அச்சுப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா என்று அவள் கேட்டாள். ஆபாசப் பொருள் என்று சுங்கத் துறை கருதுவதை இறக்குமதி செய்யத் தடை உண்டு. அட்டையைப் பார்த்தே முடிவெடுத்தாலும் எடுப்பார்கள். வேண்டாத வம்பு.

இனி அந்தக் கே.எல். மனுஷன் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ஊர்ப் பெண்கள் விழுவது இங்கேதான். டெலிகிராமில் தன்னை "மாஸ்டர்" என்று சொல்லிக்கொள்வார். இருபது வருட அனுபவம் என்பார். யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டால், "அதெல்லாம் ரகசியம், கேள்வி கேட்பதே கீழ்ப்படியாமை" என்பார். கற்றுக்கொள்ளும் முன்பே கீழ்ப்படியச் சொல்கிறவர் கற்றுக்கொடுக்க வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தியிடம் முதல் "பாட"மாகக் கேட்டது முகம் தெரிகிற ஒரு படம். அனுப்பினாள். அடுத்த பாடம் பணம்.

காசு வாங்குவது தப்பில்லை. தவில் வாத்தியாரும் காசு வாங்குகிறார். புருஷனை அல்லது பெண்டாட்டியைக் கூட்டிவராமல் தனியாக வரச் சொன்னால், தொட்டுத்தான் கற்றுத்தர முடியும் என்றால், விளையாட்டை உடனே நிறுத்த முன்கூட்டிப் பேசிவைக்கும் "நிறுத்தச் சொல்" தேவையில்லை, எனக்கே தெரியும் என்றால், அன்றைக்கே எண்ணைத் தடுத்துவிடுங்கள். "நிஜமான அடிமைக்கு எல்லையே இருக்காது" என்று ஒரு வசனம் சுற்றுகிறது. அதைச் சொல்கிறவரிடம் உங்கள் பூனையைக்கூட விட்டுப்போகாதீர்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் வெட்கத்தில் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம், போலீசில் புகார் கொடுக்கலாம். யாரிடமாவது முதலில் பேச வேண்டும் என்றால் 15999 என்ற தாலியான் காசே (அரசின் உதவித் தொலைபேசி) எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

என் இரண்டு கேள்விகளையும் இவரிடம் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறார், ஆனால் அவரைத் தட்டிக்கேட்க யாரும் இல்லை. நஷ்டப்படப்போகும் மரமோ நீங்களேதான்.

சந்திப்புக் கூட்டங்கள் இதற்கு நேர் எதிர். இந்த விஷயத்தில் அமெரிக்காவின் பழைய சங்கங்கள் 1971-இல் நியூயார்க்கிலும் 1974-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் தொடங்கின. அங்கே அனுபவசாலியைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் கையாள்வது சரியில்லை என்றால் பேச்சு பரவிவிடும். "மஞ்ச்" என்று ஒரு வழக்கம் 1990-களில் கலிபோர்னியாவில் தொடங்கியது. சாதாரண உடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவது, அவ்வளவுதான். 2008-இல் கனடாவிலிருந்து தொடங்கிய ஃபெட்லைஃப் தளத்தின் வழியாக இப்போது பல நகரங்களில் ஆட்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்கள்.

பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். எங்களுக்கு? கே.எல். 200 கிலோமீட்டருக்கு மேல். ரயில் நிலையத்திலேயே "எங்கேம்மா ரெண்டு பேரும்?" என்று கேட்க ஒரு மாமா நிற்பார். மலேசியத் தமிழர் உலகம் சின்னது. எந்தக் கூட்டத்திலும் உங்கள் சித்தப்பா மகனின் கூட்டாளி ஒருவன் இருக்க வாய்ப்புண்டு. அப்புறம், பேசுவதற்கான சந்திப்பு வேறு, வாடகை வீட்டில் நடக்கும் "பார்ட்டி" வேறு. முன்னது ஓரிரு வருடம் கழித்து, நிதானமாக, இருவரும் சேர்ந்து போகலாம். பின்னதற்கு ஆரம்பக்காரர்கள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. யார் படம் எடுக்கிறார் என்பதும் தெரியாது, சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்பதும் தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது நேரலை வகுப்பு. வெளிநாட்டுப் பெண் ஒருவர், ஒன்றரை மணி நேரம். எங்கள் கேமரா கைகளை மட்டும் காட்டியது. முகம் தேவையில்லை என்று அவரே முதலில் சொன்னார். அது ஒரு நல்ல அடையாளம். நாங்கள் இருவரும் டீ-சட்டையும் கைலியுமாக உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் கட்ட ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார். கயிறு மணிக்கட்டு எலும்பு மேலேயே உட்கார்ந்திருந்தது. முழங்கைப் பக்கம் இரண்டு விரல்கட்டை தள்ளி, சதையுள்ள இடத்துக்கு மாற்றினோம். பிறகு, இழுத்தாலும் இறுகாத கட்டு ஒன்றைப் பதினைந்து தடவை போடவைத்தார். பதினைந்து தடவையும் என் கையில் இல்லை, வீட்டுக்காரரின் சொந்தத் தொடையில். கிழட்டு மரம்!

செலவு, ஈப்போவில் இரண்டு பேர் நல்ல கடையில் சாப்பிட்டு ஒரு படம் பார்த்துவிட்டு வருவதைவிடக் கொஞ்சம் கூட. ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். நேர வித்தியாசத்தால் எங்கள் வகுப்பு ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கியது, மறுநாள் ஆபீசில் தூங்கி வழிந்தேன். இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு: திரையில் தெரிகிறவருக்கு உங்கள் விரல் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அதனால் எந்த வகுப்புக்குப் போனாலும், வீட்டில் இருவரும் செய்ய வேண்டிய பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை ஒரு தனி வழியாக யாரும் எண்ணுவதில்லை. நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

பேச்சில் ஆரம்பியுங்கள். ஆளுக்கொரு தாளில் மூன்று பத்தி: பிடிக்கும், பார்க்கலாம், கூடவே கூடாது. ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். எட்டு வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். "கூடாது" என்ற பத்தியில் இருப்பதற்குக் காரணம் கேட்கக்கூடாது.

நிறுத்தச் சொல் ஒன்று வேண்டும். விளையாட்டில் "ஐயோ, வேண்டாம்" என்பதே வசனமாக இருக்கலாம் என்பதால், அங்கே தற்செயலாக வராத ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுப்பார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது "பெரட்டு". விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டு மணியின் ஞாபகம் வந்தால் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த மயக்கமும் தெளிந்துவிடும். சாலை விளக்கு முறையும் நல்லது: பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் குறைத்துக்கொள், சிவப்பு என்றால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும். சிவப்பு சொன்னவரிடம் "ஏன் சொன்னே?" என்று முகம் சுளித்தால், அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார். அதைவிடப் பெரிய ஆபத்து கயிற்றில் இல்லை.

சின்ன வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்று வாயில் துணி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். மூச்சடைக்கலாம், வாந்தி வந்தால் புரையேறலாம், நிறுத்தச் சொல்லும் போய்விடும். சத்தம் வராத விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். பேச முடியாமல் போகலாம் என்ற சந்தேகம் இருந்தாலே கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள்; கீழே விழுந்தால் நிறுத்தம்.

முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போங்கள். மலேசிய செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நடத்துகின்றன. நாங்கள் போனபோது "எதற்கு?" என்று கேட்டார்கள், "வீட்டில் வயசானவங்க இருக்காங்க" என்றோம். அதுவும் உண்மைதான். இத்தனை வழிகளிலும் வெட்கப்படாமல் ஊரறியச் செய்யக்கூடியது இது ஒன்றுதான். தீக்காயத்தை இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், பற்பசை தடவக் கூடாது என்பதையெல்லாம் அங்கேதான் ஒழுங்காகக் கற்றோம்.

உடம்பைப் பற்றியும் ஒரு பேச்சு வேண்டும். நம்மவர்களிடம் இனிப்பு நீர் அதிகம். மலேசியாவின் இனங்களில் இந்தியர்களிடம்தான் அதன் விகிதம் கூடுதல் என்று சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நீண்டகாலச் சர்க்கரை நோயில் கை, கால் உணர்ச்சி மங்கும். அப்படிப்பட்டவருக்குக் கயிறு அழுத்துவதோ மெழுகு சுடுவதோ தெரியாமல் போகலாம். காயம் ஆறவும் நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு லேசான அடியே பெரிய கன்றிப்போதலாகும். இவையெல்லாம் மனநிலையைக் கெடுக்கும் பேச்சு என்று தோன்றினால், மனநிலை வருவதற்கு முன்பே, பகலில் பேசிவிடுங்கள். தண்ணி போட்டிருக்கும் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

அடுத்து அவள் கேட்டது: "எதிலேக்கா ஆரம்பிக்கிறது?"

கண்ணை மறைப்பதில். ஒரு துண்டு போதும். பார்வை போனதும் ஓர் ஐஸ் கட்டி, ஒரு மயிலிறகு, காதோரம் ஒரு பேச்சு எல்லாமே பெரிதாகிவிடும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் விளையாட்டும் அப்படித்தான், பொருளே தேவையில்லை. தப்பினாலும் கையைவிட்டுப் போகும் காரியம் அதிகமில்லை. கிழட்டு மரம் வேண்டும் என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. பலருக்கு இதுவே போதும் என்று ஆகிவிடுகிறது, அதில் குறையொன்றும் இல்லை.

கட்ட வேண்டும் என்று ஆசையிருந்தால், கயிற்றுக்கு முன் அகலமான துணிப் பட்டை. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்தது ஒரே இழுப்பில் வந்துவிடும். மலிவான இரும்புக் கைவிலங்கு வேண்டவே வேண்டாம். சாவி தொலைவதும் எலும்பை நெரிப்பதும் அதன் குணம். கயிறுதான் வேண்டுமென்றால் பருத்தி. ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன். ஒரே சுற்றாக இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக, அடியில் இரண்டு விரல் நுழையும்படி. நைலான் வழுக்கும், வேகமாக இழுத்தால் தோலைச் சுடும். கழுத்தில் எந்தக் கயிறும் போகக்கூடாது. மேல்கையின் வெளிப்பக்கம், முழங்கையின் உட்பக்கம், முழங்காலின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே நரம்புகள் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. அங்கே அழுத்தம் கூடாது. மேல்கையில் நரம்பு நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். நரம்பிழை அறுந்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளர்ந்து வரும். முழங்கையிலிருந்து விரல்வரை அளந்து பாருங்கள், எத்தனை மாதம் என்று தெரியும்.

மரத்துப்போனால் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கவும் கூடாது. சில சமயம் வலியே இல்லாமல் பலம் மட்டும் போகும். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையை மூடித் திறக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள், பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அவிழ்க்க வேண்டாம், வெட்டுங்கள். ஆம்புலன்சில் வைத்திருக்கும் மொட்டை முனைக் கத்தரி 20 வெள்ளிக்குள், அதாவது 20 ரிங்கிட்டுக்குள், கிடைக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் சாமான்களில் மிக முக்கியமானது அதுதான். ஆளைத் தொங்கவிடுவது, ஜப்பானியக் கட்டு படங்களில் அழகாகத் தெரிவது, வருடக்கணக்கில் நேரில் கற்றவர்களுக்கு.

அடிப்பதில் முதல் கருவி உள்ளங்கை. நீங்கள் கொடுக்கிற அடி எவ்வளவு என்று உங்கள் கைக்கே தெரியும். புட்டத்தின் சதைப்பகுதியும் தொடையின் பின்புறமும் போதும். இடுப்புக்கு மேலே முதுகில் சிறுநீரகம் இருக்கிறது. முதுகெலும்பு, வால் எலும்பு, கழுத்து, மூட்டுகள் எல்லாம் விலக்கு.

பிரம்பைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் பலசரக்குக் கடைகளிலேயே ரோத்தான் தொங்கும், மலிவாகவும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனாலேயே ஆரம்பக்காரர்கள் அதை எடுக்கிறார்கள். மெல்லிய பிரம்பு சின்ன இடத்தில் முழு வேகத்தையும் இறக்கும். லேசாக வீசியதாக நினைத்தாலும் தோல் வெடிக்கும், நுனி சுற்றிக்கொண்டு இடுப்பெலும்பில் விழும். இன்னொன்று, அது நம்மில் பலருக்கு வெறும் குச்சி கிடையாது. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் வாங்கியது உடம்பு ஞாபகம் வைத்திருக்கும். என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்த அன்று, நான் அடியே வாங்காமல் அழுதேன். அன்றோடு அது "கூடாது" பத்திக்குப் போனது. உங்களுக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகு ஆசையுள்ளவர்கள் பூஜைக்கு வாங்கிய எதையும் எடுக்க வேண்டாம். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். வாசனை மெழுகுவர்த்திகளில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. குறைந்த வெப்பத்தில் உருகும்படி இதற்கென்றே செய்தவை உண்டு. அதையும் முதலில் உங்கள் சொந்தக் கையில், உயரத்திலிருந்து, ஒரு சொட்டு.

கழுத்தை நெரிப்பதற்கு மட்டும் எந்த வகுப்பும் தேடாதீர்கள். ஆரம்ப நிலை, உயர்நிலை என்றெல்லாம் அதில் இல்லை. கழுத்தின் இருபக்க ரத்தக் குழாய்கள் அடைபட்டால் சுமார் பத்து விநாடியில் நினைவு போகும். குழாயின் உட்சுவர் கிழிந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. சொல்லித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் மற்ற எதைச் சொல்லித் தந்தாலும் வேண்டாம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நான் வக்கீல் இல்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்து அடையும் காயத்துக்கு ஓரளவு இடம் தருகிறது; எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் வரக்கூடிய செயலை அது காப்பாற்றாது. இங்கிலாந்திலேயே 1993-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சம்மதித்தார்கள் என்பது காயத்துக்குச் சாக்காகாது என்று ஆண்களின் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மறுபக்கம், 375ஏ பிரிவின்படி, உறவுக்காக மனைவியைக் காயப்படுத்தும் அல்லது பயமுறுத்தும் கணவனுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. கல்யாணம் என்பதே சம்மதம் ஆகிவிடாது. 377-ஐ ஒட்டிய பிரிவுகள் சில உறவு முறைகளையே, சம்மதம் இருந்தாலும், குற்றமாக்குகின்றன. படமோ வீடியோவோ எடுக்காதீர்கள். ஆபாசப் பொருள் பற்றிய 292-ஆம் பிரிவும் இணையத்துக்கான சட்டமும் போனைத் தொலைத்தவரைப் பார்த்து இரக்கப்படாது.

முடிந்த பிறகு அரைமணி நேரத்தை மறந்துவிடாதீர்கள். போர்வை, வெதுவெதுப்பாக மைலோ, பேச்சு. சிலருக்கு மறுநாள்தான் மனசு தொய்யும், காரணமில்லாமல் அழுகை வரும். அடித்தவருக்கும் வரும், அதை யாரும் சொல்வதில்லை. மறுநாள் வேலைக்கு நடுவில் "கை எப்படி இருக்கு?" என்று ஒரு செய்தி அனுப்புவது என் வீட்டுக்காரரின் வழக்கம்.

ஆக, அவளுக்கு நான் சொன்ன வரிசை: முதலில் தாளும் பேச்சும், கூடவே முதலுதவி வகுப்பு, பிறகு படிப்பு, கயிறு வேண்டுமென்றால் நேரலை வகுப்பு, இருவரும் சேர்ந்து, வீடியோ அந்த வகுப்பில் பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள மட்டும். சந்திப்புகள் பிற்பாடு. கே.எல். மாஸ்டர் எப்போதும் வேண்டாம்.

கடைசியைச் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. "முன்பணம் கட்டிட்டேன்க்கா, 150 வெள்ளி" என்றாள். போனால் போகட்டும், படம் எதுவும் அனுப்பினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்போதுதான் நான் வண்டியை ஒழுங்காக ஓட்ட ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. மொட்டை முனைக் கத்தரி வாங்கிவிட்டார்களாம். "தலையணையைக் கட்டிப் பழகுறோம் அக்கா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் தலையணைகிட்ட கை மரத்துப்போச்சான்னு கேக்கிறார்."